கரணையைப் பூட்டி வைக்காதீர்கள்

மாவட்ட ஆட்சித் தலைவர், முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் திட்ட இயக்குநர் ஆகியோருக்கு,

எங்கள் பகுதி அரசு மேல்நிலைப் பள்ளியில் அடிப்படைக் கட்டடப் பொறியியல் பிரிவுக்கு வரும் கல்வியாண்டு முதல் பதினோராம் வகுப்புச் சேர்க்கை கிடையாது என்று உத்தரவு வந்திருக்கிறது. இப்போது படிக்கும் பிள்ளைகள், அரசு உதவியோடு ஏழைகள் கட்டும் கலைஞரின் கனவு இல்லம் திட்ட வீடுகளில் சனிக்கிழமைதோறும் செய்துவந்த பயிற்சி வேலையும் நிறுத்தப்பட்டிருக்கிறது. இனி அவர்கள் கட்டுமான இடத்தைப் பார்வையிட மட்டும் போகலாமாம். கலவை அள்ளிப் பூசும் கரணைகளும் மட்டம் பார்க்கும் ரசமட்டங்களும் பொருள் அறைக்குள் போய்ப் பூட்டும் போட்டாகிவிட்டது. இதை நாங்கள் ஏற்கவில்லை. இந்த மடலில் கையெழுத்திட்டிருப்பவர்கள் தொழிற்கல்விப் பயிற்றுநர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள், மேஸ்திரிகள், கம்பி கட்டுபவர்கள், கட்டடப் பொறியாளர்கள். எங்களுக்குத் தெரிந்த வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறோம்.

உத்தரவு மூன்று காரணம் சொல்கிறது: பயிற்றுநர் இல்லை, மாணவர் குறைவு, பாதுகாப்பு. முதல் இரண்டும் ஒன்றுதான். பயிற்றுநர் ஓய்வு பெற்றார், இடம் நிரப்பப்படவில்லை, செய்முறை நடக்கவில்லை, செய்முறை நடக்காத தொழிற்பிரிவில் எந்தப் பெற்றோரும் பிள்ளையைச் சேர்ப்பதில்லை, எண்ணிக்கை குறைந்தது, குறைந்த எண்ணிக்கையைக் காட்டிப் பிரிவை மூடுகிறீர்கள். தமிழ்நாட்டில் பல பள்ளிகளில் தொழிற்பிரிவுகள் இதே வரிசையில்தான் காணாமல் போயின. இதனால் அடைபடுவது ஒரு வகுப்பறை மட்டும் அல்ல. இந்தப் பிரிவில் தேறியவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பொறியியல் கலந்தாய்விலும் தொழிற்கல்வி மாணவர்களுக்கென்று தனி இடங்கள் உண்டு. கையால் வேலை தெரிந்த ஏழை வீட்டுப் பிள்ளை பொறியாளர் ஆவதற்கு அரசே போட்ட வழி அது.

மூன்றாவது காரணமான பாதுகாப்பு உண்மையான காரணம். அதற்கு விரிவாகப் பதில் சொல்வோம். அதற்கு முன், சனிக்கிழமைகளில் அந்தப் பிள்ளைகள் என்ன கற்றார்கள், பார்வையிட மட்டும் போனால் எதைக் கற்க முடியாது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பள்ளி வளாகத்தில் செய்முறைத் தேர்வுக்குக் கட்டும் சுவர் நாலு வரி, அதாவது நாலு கல் அடுக்கு உயரம் இருக்கும். கலவை இல்லாமல் அடுக்குவார்கள், அல்லது சேறு வைத்துக் கட்டுவார்கள். மதிப்பெண் போட்டதும் இடிப்பார்கள். ஒரு வரி நீட்டுக்கல், ஒரு வரி குறுக்குக்கல் என்ற முறை அதில் புரியும். மூலையில் குறுக்குக்கல்லை அடுத்து நீளவாக்கில் பிளந்த அரைக்கல் வைக்காவிட்டால் மேல்வரி இணைப்பும் கீழ்வரி இணைப்பும் ஒரே கோட்டில் விழுந்து சுவர் பிளக்கும் என்பதும் கண்ணுக்குத் தெரியும். அவ்வளவுதான். முதல் வரியில் விட்ட சிறு சாய்வு பத்தாம் வரியில் எவ்வளவாகப் பெருகும் என்பதை நாலு வரிச் சுவர் காட்டாது. கதவு நிலைச்சட்டம் ஒரு நூல் அளவு சாய்ந்து நின்றால் கதவு தானாகத் திறந்துகொள்வதையும் அது காட்டாது. தண்ணீர் ஊற்றிக் குழைத்த சிமென்ட் கலவையை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து, இறுகியதில் மறுபடி தண்ணீர் விட்டுக் கிளறினால் அது பிடிக்காது. சேற்றில் கட்டும் பிள்ளைக்கு இந்த அவசரம் ஒருநாளும் வராது.

வீடு கட்டும் இடத்தில் முதல் பாடம் அளவு போடுவது. கனவு இல்லத் திட்டத்தில் வீடு 360 சதுர அடி; அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரைத் தளம், மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை. 15 அடிக்கு 20 அடி என்று ஒரு செவ்வகம் நூல் பிடித்தால் சரியாக 300. அதன் மூலைவிட்டம் 25 அடி வர வேண்டும். இரண்டு மூலைவிட்டமும் 25 வந்தால் நான்கு மூலையும் செங்கோணம். ஒன்று 25 அடி 2 அங்குலமும் மற்றது 24 அடி 10 அங்குலமும் வந்தால், கண்ணுக்குச் சதுரமாகத் தெரிந்தாலும் தரையில் டைல்ஸ் ஒட்டும் நாளில் சுவரோரம் முக்கோணமாகத் துண்டு வெட்ட வேண்டி வரும். எட்டாம் வகுப்பிலிருந்து பிதாகரஸ் தேற்றத்தை எழுதிவரும் பிள்ளை, முளையை அரை அங்குலம் நகர்த்தி மறுபடி டேப் பிடிக்கும்போதுதான் அதைக் கையில் வாங்கிக்கொள்கிறது.

அடுத்தது செங்கல். இரண்டு கல்லைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். இடுப்பளவு உயரத்திலிருந்து மண்தரையில் விட்டால் உடையக் கூடாது. உலர்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் ஊறவைத்து மறுபடி எடை போட்டால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடியிருக்கக் கூடாது. இதைப் பள்ளியின் தராசிலேயே செய்யலாம். கட்டுவதற்கு முன் குமிழி அடங்கும் வரை கல்லை ஊறவைக்க வேண்டும். காய்ந்த கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். சிமென்ட் இறுகத் தண்ணீர் இல்லாமல் மணலாக உதிரும். ஒன்பது அங்குலச் சுவருக்கு, கல்லின் அளவைப் பொறுத்துச் சதுர அடிக்கு 9 முதல் 11 கல் பிடிக்கும், சிமென்ட்டும் மணலும் சேர்ந்த கலவை 1:6. நாலரை அங்குலத் தடுப்புச் சுவருக்கு 1:4. கணக்குப் போடத் தெரிந்த மாணவர் இருக்கும் இடத்தில் மணல் எத்தனை சட்டி, சிமென்ட் எத்தனை மூட்டை என்பதில் பயனாளியை யாரும் ஏய்க்க முடியாது. இது சிறு விஷயம் அல்ல. 3.5 லட்சம் ரூபாயில் வீட்டை முடிக்கப் போராடும் குடும்பத்துக்கு ஐந்து மூட்டை சிமென்ட் வீணாவது பெரிய இழப்பு.

எல்லாவற்றையும் விடத் தளத்தைப் பற்றித்தான் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஊருக்கு ஊர் பழைய தொகுப்பு வீடுகளுக்குள் போய் மேலே பாருங்கள். பூச்சு விழுந்து, கான்கிரீட் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி தொங்கும். அதன் கீழே குழந்தைகள் படுத்திருப்பார்கள். காரணங்கள் பெரும்பாலும் மூன்று: கம்பிக்கு அடியில் கான்கிரீட் மூடல் போதவில்லை, கான்கிரீட்டில் தண்ணீர் அதிகம், தளம் போட்டபின் அதை ஈரமாகவே வைத்திருக்கும் நீராட்டு இல்லை.

தளக்கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டர் மூடல் வேண்டும். அதற்குக் கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டையான கவர் பிளாக் வைக்க வேண்டும். பல இடங்களில் ஜல்லித் துண்டையோ உடைந்த ஓட்டுத் துண்டையோ செருகுகிறார்கள். ஆட்கள் கம்பி மேல் நடக்கும்போது அது நழுவி, கம்பி, கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகையில் படுத்துவிடும். 15 அடிக்கு 20 அடித் தளத்தில் மூன்றடிக்கு ஒன்று வைத்தால் ஐம்பது கவர் பிளாக் போதும். ஐம்பதையும் வார்க்க ஒரு சட்டிக் கலவைகூட ஆகாது. மாணவர்கள் அவற்றைப் பள்ளியிலேயே வார்த்து, கட்டுக்கம்பி செருகி, தண்ணீரில் ஊறவைத்துக் கொண்டுவந்தார்கள். கதவு, சன்னலுக்கு மேல் வரும் லிண்டலுக்கான கம்பி வளையங்களையும் பள்ளியிலேயே வளைத்தார்கள். கொக்கியை 90 பாகையில் நிறுத்தாமல் 135 பாகைக்கு உள்நோக்கி மடித்தால்தான் பாரம் வரும்போது வளையம் விரியாது. ஒப்பந்தக் கூலிக்கு ஓடும் கையில் இந்த மடிப்புதான் முதலில் விட்டுப்போகும்.

ஐந்து அங்குலக் கனத்தில் 300 சதுர அடித் தளத்துக்கு 125 கன அடி கான்கிரீட் ஆகும். சிமென்ட், மணல், ஜல்லி 1:1.5:3 விகிதத்தில் 28, 29 மூட்டை சிமென்ட். இந்தக் கலவைக்கு இந்தியத் தர நிர்ணயம் மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணீருக்கு மேல் அனுமதிப்பதில்லை. மணலில் இருக்கும் ஈரமும் அந்த 30-இல் அடக்கம். கலவை இயந்திரத்தின் வாயில் டியூபைப் பிடித்துக் கண்மதிப்பாக விட்டால் 40 லிட்டரைத் தாண்டிவிடும். கான்கிரீட் வழுக்கிக்கொண்டு ஓடும், வேலை சீக்கிரம் முடியும். மிச்சத் தண்ணீர் ஆவியாகி, போன இடமெல்லாம் துளையாகும். துளை வழியே ஈரமும் காற்றும் கம்பியைத் தொடும். பக்கெட்டில் கோடு போட்டு, ஒவ்வொரு மூட்டைக்கும் அளந்து ஊற்றி, நோட்டில் குறிக்க ஒரு ஆள் வேண்டும். தளம் போடும் அவசரத்தில் எந்த மேஸ்திரியும் அதற்கென்று தனி ஆளை நிறுத்துவதில்லை. தரையில் நின்றபடி இதைச் செய்தவர்கள் மாணவர்கள்.

நீராட்டும் அப்படித்தான். சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், இப்போது பெரும்பாலும் கிடைக்கும் சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள் தளம் ஈரமாகவே இருக்க வேண்டும்; எங்கள் வெயிலுக்கு 14 நாள் நல்லது. தளம் போட்ட மறுநாள் மேஸ்திரி அடுத்த வேலைக்குப் போய்விடுவார். பயனாளி கூலிக்குப் போய்விடுவார். பாத்தி கட்டிய தண்ணீர் மதியத்துக்குள் வற்றிவிடும். மாணவர்கள் முறைவைத்து, காலையும் மாலையும் பெரியவர் ஒருவருடன் போய்ப் பார்த்து, கீழே நின்று குழாயில் தண்ணீர் ஏற்றினார்கள். "பார்வையிட மட்டும்" என்ற சொற்கள் இந்த வேலையை நிறுத்தியிருக்கின்றன. இழப்பு பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, அந்த வீட்டுக்கும்தான்.

கழிப்பறைக் குழிகளையும் சொல்ல வேண்டும். இரட்டைக் குழி முறையில் ஒரு நேரத்தில் ஒரு குழிதான் வேலை செய்ய வேண்டும். கழிவைக் குழிக்குத் திருப்பும் பிரிப்புத் தொட்டியில் மற்றதன் வாயை அடைத்துவைக்க வேண்டும். இரண்டையும் திறந்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே நிறையும். காய்ந்து எருவாக எந்தக் குழிக்கும் நேரம் கிடைக்காது. குழியின் அடியைப் பூசக் கூடாது. சுவரில் துளை விட்டுக் கட்ட வேண்டும். குடிநீர்க் கிணற்றிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இதை ஒரு முறை கையால் கட்டிய மாணவர், தன் தெருவில் தவறாகக் கட்டும்போது தடுத்து நிறுத்துவார். மின் பிரிவுப் பிள்ளைகளின் பங்கு இதைவிடச் சுருக்கமானது, ஆனால் நேரம் தவறக் கூடாதது: தளம் போடும் முன் மின்கம்பிக் குழாயும் மின்விசிறிக் கொக்கிப் பெட்டியும் கம்பிக்கு நடுவே அமர வேண்டும். மறந்தால் பிறகு தளத்தைக் கொத்த வேண்டும். கொத்தினால் கம்பி வெளியே தெரியும்.

இனிப் பாதுகாப்பு. கட்டுமானம் ஆபத்தான வேலை என்று நீங்கள் சொல்வதை நாங்கள் மறுக்கவில்லை. விழுந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். 18 வயதுக்குட்பட்டவர்களை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது என்று 2016-இல் சட்டம் திருத்தப்பட்டதும் சரி. ஆனால் ஒரு வீட்டின் எல்லா வேலையும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. சாரம் ஏறுவது, தளத்தின் மேல் நிற்பது, சென்ட்ரிங் அடிப்பதும் பிரிப்பதும், இடுப்புக்கு மேல் ஆழமான பள்ளத்தில் இறங்குவது, கட்டிங் மெஷின் பிடிப்பது, மின்சாரம் பாயும் இணைப்பைத் தொடுவது, 50 கிலோ மூட்டையைத் தனியாளாகத் தூக்குவது: இவற்றில் எந்த மாணவரையும் விடக் கூடாது. இதை நாங்களே எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறோம்.

சுவர் வேலை எப்படி என்கிறீர்களா? ஈரக் கலவையில் ஒரே நாளில் சுவரை நாலைந்து அடிக்கு மேல் ஏற்றக் கூடாது. ஏற்றினால் கீழ்வரிக் கலவை நசுங்கிச் சுவர் தொப்பை போடும். ஆக முதல் நாலடி தரையில் நின்றே கட்டுவது. அதற்குச் சாரமே வேண்டாம். அந்த நாலடி மாணவருடையது, அதற்கு மேல் கொத்தனாருடையது. இந்த ஒரு கோடு போட்டால் விழுவதன் ஆபத்து பெருமளவு நீங்கிவிடும். மிச்சமிருப்பது சிமென்ட் அரிப்பு, கண்ணில் சில்லு, காலில் ஆணி. சிமென்ட் ஈரத்தில் காரம் கடுமையானது. வெறுங்கையால் பிசைந்தால் விரல் இடுக்கு புண்ணாகும், ஈரக் கான்கிரீட்டில் மண்டியிட்டால் முழங்கால் தோல் வெந்துபோகும். ரப்பர் கையுறை, கண்ணாடி, தலைக்கவசம், தடித்த அடியுள்ள காலணி, உடனே கழுவ நல்ல தண்ணீர், முதலுதவிப் பெட்டி. 16 வயதில் அரசுத் தடுப்பூசி அட்டவணையிலேயே இருக்கும், டெட்டனஸைத் தடுக்கும் டி.டி. (Td) ஊசி ஒவ்வொருவருக்கும் போடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது. இவற்றுக்கு ஆகும் செலவு அரசுக்குப் பெரிது இல்லை.

இது புதிய யோசனையும் அல்ல. பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் பெரியவர்களுக்குத் தரும் ஊரகக் கொத்தனார் பயிற்சி 45 நாள்; அது உண்மையான வீட்டின் மீதே நடக்கிறது. வெளியே பார்த்தால், அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆண்டுக்கு ஒரு வீடு கட்டி எழுப்பும் பள்ளிகள் உண்டு. 1978-இல் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் தொடங்கிய யூத்பில்டு, படிப்பை விட்ட இளைஞர்களைப் படிக்கவும் வைத்து, ஏழைகளுக்கு வீடு கட்டவும் பழக்கியது. அங்கும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூரை வேலை, பள்ளம் தோண்டுதல், விசை ரம்பம் ஆகியவற்றுக்குத் தடை இருக்கிறது. எழுத்து ஒப்பந்தத்தோடு பயிலும் மாணவருக்கு மட்டும், தகுதியுள்ளவரின் நேரடிக் கண்காணிப்பில், விட்டுவிட்டுக் குறைந்த நேரத்துக்கு அந்தத் தடையையே தளர்த்துகிறார்கள். நாங்கள் அவ்வளவு தூரம் போகக் கேட்கவில்லை. ஆபத்தான வேலைகளுக்குத் தடை அப்படியே இருக்கட்டும். மற்ற வேலைகளைத் திறந்துவிடுங்கள்.

இலவச உழைப்பு வாங்குகிறார்கள் என்ற பேச்சும் எழுந்தது. அந்த அச்சம் நியாயமானது, அதற்கும் வேலி வேண்டும். வாரத்தில் ஒரே நாள், ஒரு குழுவுக்கு ஆறு பேர், இரண்டு குழுவுக்கு ஒரு மேஸ்திரி. மாணவர் வருகிறார் என்பதற்காகக் கொத்தனார், சித்தாள் ஒருவரின் கூலிகூடக் குறையக் கூடாது. சொல்லிக்கொடுத்துக்கொண்டு கட்டினால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். எனவே அந்த மேஸ்திரிக்குக் கற்பிக்கும் நேரத்துக்குத் தனிச் சம்பளம் தர வேண்டும். அதைப் பயனாளியின் தலையில் கட்டக் கூடாது.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒன்று. நம் கட்டுமான வேலையில் பெண்கள் சித்தாளாக வந்து, முப்பது ஆண்டு கல்லும் கலவையும் சுமந்து, சித்தாளாகவே ஓய்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் ஆண் சில ஆண்டுகளில் கொத்தனார் ஆகிறார், ஏறக்குறைய இரட்டிப்புக் கூலி வாங்குகிறார். கரணையைப் பெண் கையில் கொடுக்கும் இடம் தொழிற்களத்தில் இல்லை. பள்ளியில் இருந்தது. மணியாசுக் கட்டை பிடித்துப் பூச்சை மட்டம் தேய்க்க அங்கே பெண்கள் கற்றார்கள். அதையும் சேர்த்துத்தான் பூட்டியிருக்கிறீர்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வருவதற்குள் சேர்க்கை நிறுத்த உத்தரவைத் திரும்பப் பெறுங்கள். அதற்குப் பின் திரும்பப் பெற்றால் பிள்ளைகள் வேறு பிரிவுக்குப் போயிருப்பார்கள். பயிற்றுநர் இடத்தை நிரப்புங்கள். நிரப்பும் வரை, பள்ளி மேலாண்மைக் குழு வழியாக ஓய்வுபெற்ற பயிற்றுநர் ஒருவரையும் மேஸ்திரி ஒருவரையும் மதிப்பூதியத்தில் அமர்த்த அனுமதி தாருங்கள். வரத் தயாராக இருப்பவர்களின் பட்டியலை இணைத்திருக்கிறோம்.

"பார்வையிட மட்டும்" என்ற வரியை நீக்கி, அதன் இடத்தில் மாணவர் செய்யலாம், செய்யவே கூடாது என்ற இரண்டு பட்டியல்களை வெளியிடுங்கள். தொழிலாளர் துறையும் ஒன்றியப் பொறியாளரும் அதில் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு கட்டுமான இடத்திலும் அது பலகையில் எழுதி நிற்க வேண்டும். பெற்றோரின் எழுத்துச் சம்மதம், விபத்துக் காப்பீடு, மேலே சொன்ன கவசப் பொருட்கள் இல்லாமல் ஒரு மாணவரும் உள்ளே வரக் கூடாது.

2030-க்குள் 8 லட்சம் வீடு என்பது இந்தத் திட்டத்தின் இலக்கு. அதில் பள்ளிக்கு அருகில், ஆண்டுக்கு ஒரே ஒரு வீட்டை, பயனாளி மனமுவந்து எழுதித் தந்தால், பயிற்சி வீடாக ஒதுக்குங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் அளவு போட்டு, வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இறங்குவதற்குள் தளம் போட்டுவிட்டால், மழைக்காலத்தில் உள்பூச்சும் மின்குழாய் வேலையும் நடக்கும். பொங்கலுக்குள் வீடு கைமாறும். செய்முறைத் தேர்வுக்கும் இடைஞ்சல் வராது. இதற்கு வீட்டுக்கான தவணையும் சிமென்ட்டும் கம்பியும் அந்த மாதங்களில் தாமதமின்றி வர வேண்டும். சிமென்ட்டை மட்டும் ஒரே தடவையாக இறக்க வேண்டாம். மூன்று மாதம் கிடந்த சிமென்ட் தன் வலுவில் கணிசமான பங்கை இழந்திருக்கும்.

அந்த வீட்டில் மாணவர் வைத்திருக்கும் அளவு நோட்டு, தண்ணீர்க் கணக்கு, நீராட்டுப் பதிவு ஆகியவற்றைச் செய்முறை அகமதிப்பீட்டில் சேர்க்க உத்தரவிடுங்கள். பெண் மாணவிகள் சுமக்கும் வேலையில் மட்டும் நிறுத்தப்படாமல், சுவர் கட்டுவதிலும் பூச்சிலும் சம நேரம் பெறுகிறார்களா என்று பதிவேட்டில் தனிப் பத்தி வையுங்கள்.

கல்வித் துறை, ஊரக வளர்ச்சி, தொழிலாளர் துறை மூன்றும் உட்காரும் கூட்டம் ஒன்றை ஏப்ரல் முடிவதற்குள் கூட்டி, எங்களில் மூவரையும் மாணவர், பெற்றோர் சார்பில் இருவரையும் அழையுங்கள். முடிவை எழுத்தில் தாருங்கள். மறுப்பது என்று முடிவு செய்தால், எந்த வேலை எந்தக் காரணத்தால் ஆபத்து என்று வேலைவாரியாக அதில் குறிப்பிடுங்கள். பொருள் அறையின் சாவியை இந்த வாரமே பள்ளித் தலைமையாசிரியரிடம் திருப்பித் தர ஆணையிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த ஆண்டு இன்னும் முடியவில்லை.

இப்படிக்கு,
கட்டடத் தொழிலாளர்கள், பொறியாளர்கள், ஓய்வுபெற்ற தொழிற்கல்விப் பயிற்றுநர்கள்